ஆஸ்ட்ரோடோம்: கூரையும் சேர்ந்து ஆடிய அரங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஹூஸ்டன் நகரின் பழைய ஆஸ்ட்ரோடோம் அரங்கை இடிப்பதா, புதுப்பிப்பதா என்ற விவாதம் குறித்துத் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். செலவுக் கணக்கை விரிவாகச் சொன்ன அக்கட்டுரையில், அங்கே நடந்தவற்றுக்குக் கிடைத்த இடம் இரண்டே வரிதான். உலகின் எட்டாவது அதிசயம் என்று ஒரு காலத்தில் அதை அழைத்தார்கள், புகழ்பெற்ற டென்னிஸ் ஆட்டம் ஒன்று அங்கு நடந்தது என்பதோடு கட்டுரையாளர் நிறுத்திக்கொண்டார். 1980களின் தொடக்கத்தில் இந்நகருக்குக் குடிவந்து, அந்த அரங்கின் மேல்தட்டு இருக்கைகளில் பல மாலைகளைக் கழித்தவன் என்ற முறையில் விடுபட்டவற்றுள் சிலவற்றை எழுத விரும்புகிறேன். கூரை என்றால் வெயிலுக்கும் மழைக்கும் ஒரு தடுப்பு, அவ்வளவுதானே என்று எவரும் நினைக்கலாம். ஆஸ்ட்ரோடோமிலோ, நல்லதற்கும் கெட்டதற்கும் அந்தக் கூரை ஆட்டத்துக்குள்ளேயே புகுந்துவிட்டது. அங்கு போய்வந்தவர்களின் நினைவுகளில் பாதி அதனால் விளைந்தவைதாம்.

ஹூஸ்டனின் கோடையைச் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. புழுக்கத்தோடு கொசுவும் சேர்ந்துகொண்டதால், 1962-இல் தொடங்கப்பட்ட இந்நகரின் பேஸ்பால் அணி திறந்தவெளி மைதானத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்போது அந்த அணிக்குத் துப்பாக்கி ஒன்றின் பெயர், கோல்ட் 45. அதனால் 1962 ஜனவரி 3 அன்று நடந்த அடிக்கல் நாட்டு விழாவில் மண்வெட்டிக்குப் பதிலாகத் துப்பாக்கிகளால் தரையைச் சுட்டே பணியைத் தொடங்கிவைத்தார்கள். நகரின் முன்னாள் மேயர் ராய் ஹாஃப்ஹைன்ஸ் இத்திட்டத்தின் மூளையாக இருந்தார். இதற்கான கடன் பத்திரங்களுக்கு மக்கள் வாக்களித்தபோது, அரங்கில் நிறவேற்றுமை இருக்கக்கூடாது என்ற நிபந்தனையின் பேரிலேயே கறுப்பினத் தலைவர்கள் ஆதரவு தந்தார்கள் என்பதும் அந்த நிபந்தனை நிறைவேறியது என்பதும் பலருக்குத் தெரியாத செய்திகள். தெற்கத்திய மாநிலங்களில் இன ஒதுக்கல் நீடித்த காலத்தில், எல்லா இருக்கைகளும் எல்லாருக்கும் என்று திறக்கப்பட்ட கட்டடம் அது. என் கணக்கில் அதன் பெருமைகளுள் இதற்கே முதலிடம்.

1965 ஏப்ரல் 9 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணியுடனான காட்சி ஆட்டத்தோடு அரங்கம் திறக்கப்பட்டது. அதிபர் லிண்டன் ஜான்சன் வந்திருந்தார். புதிய அரங்கின் முதல் ஹோம் ரன்னை (வேலியைத் தாண்டும் அடியை) அடித்தவர் மிக்கி மேன்டில் என்றாலும், 12 இன்னிங்ஸ் நீடித்த அந்த ஆட்டத்தில் ஆஸ்ட்ரோஸ் என்று பெயர் மாறியிருந்த உள்ளூர் அணியே 2-1 என்ற கணக்கில் வென்றது. ஆனால் பகல் வெளிச்சத்தில் ஆடத் தொடங்கியதுமே சிக்கல் வந்துவிட்டது. உள்ளே இயற்கைப் புல் வளர வேண்டும் என்பதற்காகக் கூரையில் ஒளி ஊடுருவும் 4,596 பலகைகளைப் பதித்திருந்தார்கள். அவற்றுக்கும் எஃகுச் சட்டங்களுக்கும் இடையே மாறி மாறித் தெரிந்த வெளிச்சமும் நிழலும் கண்ணைக் கூச வைத்ததால், உயரே எழும்பிய பந்து எங்கே வருகிறதென்று தெரியாமல் ஆட்டக்காரர்கள் தலையைக் கையால் மூடிக்கொண்டார்கள். வண்ணக் கண்ணாடிகளையும் வண்ணப் பந்துகளையும் முயன்று பார்த்து அலுத்தபின் பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. செத்த புல்லுக்கும் மண்ணுக்கும் பச்சைச் சாயம் அடித்து அந்த ஆண்டின் ஆட்டங்களை முடித்தார்கள். மறு ஆண்டு மான்சான்டோ நிறுவனத்தின் செயற்கைப் புல் வந்தது. முதலில் உள்வட்டத்துக்கு மட்டுமே போதிய அளவில் கிடைத்த அந்த விரிப்புக்கு அரங்கின் பெயரையொட்டி ஆஸ்ட்ரோடர்ஃப் என்று பெயரிட்டார்கள். இன்று உலகெங்கும் ஹாக்கி முதல் கால்பந்து வரை செயற்கைத் தரையில் ஆடும் பிள்ளைகள், பந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்ற ஒரு முறையீட்டுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

கூரையின் குறும்பு அத்தோடு நிற்கவில்லை. 1974 ஜூன் 10 அன்று ஃபிலடெல்ஃபியாவின் மைக் ஷ்மிட் அடித்த பந்து, தரையிலிருந்து 117 அடி உயரத்தில் தொங்கிய ஒலிபெருக்கியில் மோதிக் கீழே விழுந்தது. எந்த மைதானத்திலும் வேலியைத் தாண்டிப் போயிருக்கக்கூடிய அந்த அடிக்கு விதிப்படி முதல் பேஸ் வரை, அதாவது ஓட்டப் பாதையின் முதல் நிலை வரை மட்டுமே கிடைத்தது. அதைவிட வேடிக்கை, மழையே புக முடியாத இந்த அரங்கில் 1976 ஜூன் 15 அன்று மழையால் ஆட்டம் ரத்தானது. உள்ளே ஒரு சொட்டுக்கூட விழவில்லை. நகரத் தெருக்கள் வெள்ளக்காடாகிவிட்டதால் நடுவர்களும் பெரும்பாலான ரசிகர்களும் வந்து சேர முடியவில்லை. முன்னதாகவே வந்துவிட்ட ஆஸ்ட்ரோஸ், பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர்கள் மைதானத்தின் நடுவே மேசைகளைப் போட்டு ஒன்றாக உண்டார்கள் என்று என் அலுவலகத்தில் மூத்தவர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் வருவதற்கு முன்பே நடந்து முடிந்த பெரிய நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். முகமது அலி 1966 நவம்பரில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றாவது சுற்றிலேயே வீழ்த்தியது இங்கேதான். 1968 ஜனவரி 20 அன்று ஹூஸ்டன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, தொடர்ந்து 47 ஆட்டங்களில் தோல்வியே காணாதிருந்த, கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணியை 71-69 என்று வென்றதை 52,693 பேர் நேரில் பார்த்தார்கள். பேஸ்பால் மைதானத்தின் நட்டநடுவில் போடப்பட்டிருந்த ஆடுகளத்துக்கும் பார்வையாளர்களுக்கும் இடையே அவ்வளவு பெரிய வெற்றிடம் இருந்தும், எல்வின் ஹேயஸ் எடுத்த 39 புள்ளிகளை ஒவ்வொன்றாக விவரிக்கக்கூடியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். கட்டுரையாளர் பெயர் சொல்லாமல் விட்ட டென்னிஸ் ஆட்டம் 1973 செப்டம்பர் 20 அன்று நடந்தது. 29 வயது பில்லி ஜீன் கிங், பெண்களின் டென்னிஸைக் கேலி பேசி வந்த 55 வயது பாபி ரிக்ஸை 6-4, 6-3, 6-3 என்று தோற்கடித்தார். பல்லக்கில் தூக்கிவரப்பட்ட கிங்கையும் ரிக்‌ஷாவில் இழுத்துவரப்பட்ட ரிக்ஸையும் 30,000-க்கும் மேற்பட்டோர் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். வரவேற்பில் கூத்து இருந்தது, ஆட்டத்தில் இல்லை.

இனி நான் கண்டவை. வாகன நிறுத்துமிடத்தின் கொதிக்கும் தாரைக் கடந்து கதவுக்குள் நுழைந்தால் குளிர்ந்த காற்று முகத்தில் அறையும். ஆடுகளம் தரைமட்டத்துக்குக் கீழே இருந்ததால், வெளியே அவ்வளவு உயரமாகத் தெரியாத கட்டடம் உள்ளே சட்டென்று பள்ளத்தாக்கைப்போல் விரியும். தலைக்கு மேலே 200 அடிக்கும் அதிகமான உயரத்தில், தாங்க ஒரு தூண்கூட இல்லாமல் எஃகு வலை விரிந்திருக்கும். ஆட்டம் முடிந்து வெளியேறும்போது கண்ணாடி அணிந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நின்று, புழுக்கத்தில் ஆவி படிந்த கண்ணாடிகளைச் சட்டைநுனியால் துடைப்பார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒருவன்கூடப் பந்தை ஒழுங்காக அடிக்காத ஆட்டத்தை இவர்கள் ஏன் கொண்டாடுகிறார்கள் என்பது தொடக்கத்தில் விளங்கவேயில்லை. 1981 செப்டம்பர் 26 அன்று ஆஸ்ட்ரோஸின் நோலன் ரயன் டாட்ஜர்ஸ் அணிக்கு ஒரு ஹிட்கூட (பேஸை எட்டவைக்கும் அடிகூட) விட்டுக்கொடுக்காமல் எறிந்து, அத்தகைய சாதனையை ஐந்தாம் முறையாகச் செய்த முதல் பிட்சர், அதாவது பந்தெறிபவர், ஆனார். ஒன்றுமே நடக்காதிருப்பதற்காக ஓர் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் சுவையை நண்பர்கள் அதைச் சொல்லித்தான் எனக்குக் கற்பித்தார்கள்.

1986 அக்டோபர் 15-ஐ எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிரான தேசிய லீக் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம் அது. ஆஸ்ட்ரோஸ் அதை வென்றால் மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் எங்கள் முன்னணிப் பிட்சர் மைக் ஸ்காட் பந்தெறிவார். மெட்ஸ் அணி அவரை எண்ணி அஞ்சிக்கொண்டிருந்தது. முதல் இன்னிங்ஸிலேயே மூன்று ரன் எடுத்து, எட்டு இன்னிங்ஸ்வரை அந்த முன்னிலையைக் காத்த ஆஸ்ட்ரோஸ், ஒன்பதாவதில் மூன்றையும் பறிகொடுத்தது. பதினான்காவது இன்னிங்ஸில் மெட்ஸ் முந்தியபோது எங்கள் வரிசையில் சிலர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அப்போது பில்லி ஹேட்சர் இடப்புறமாகத் தூக்கியடித்த பந்து, எல்லைக் கம்பத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று எவருக்கும் தெரியாத அந்த ஓரிரு நொடிகளில் 45,000 பேரும் உடலை வலப்பக்கமாகச் சாய்த்து அதை உள்ளே தள்ளினோம். பந்து கம்பத்தில் பட்டது, ஹோம் ரன். குவிமாடத்துக்குள் எழும் சத்தம் வெளியேற வழியில்லாமல் மேலே போய்த் திரும்பி நம் தலையிலேயே விழும் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். பக்கத்தில் இருந்தவரின் வாய் அசைந்ததே தவிர, சொன்னது என்னவென்று கேட்கவில்லை. பதினாறாவது இன்னிங்ஸில் மெட்ஸ் மூன்று ரன் எடுக்க, ஆஸ்ட்ரோஸ் இரண்டை மீட்டு, மேலும் இருவர் பேஸ்களில் நின்றிருக்க, கெவின் பாஸ் பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். 7-6. தோற்ற ஆட்டத்தை இத்தனை அன்போடு நினைப்பவர்கள் வேறு ஊர்களில் இருக்கிறார்களா, தெரியாது.

அந்நாட்களில் அரங்கின் பின்சுவர் நெடுக 474 அடி நீளத்துக்கு ஒரு ஸ்கோர்போர்டு இருந்தது. உள்ளூர் அணியினர் ஹோம் ரன் அடித்தால் 45 விநாடிகள் அதில் விளக்குகளின் களியாட்டம் நடக்கும். மாட்டிடையர்கள் துப்பாக்கி சுடுவார்கள், கொம்புகளில் கொடி கட்டிய காளை மூச்சிரைக்கும். ரசனைக்குறைவு என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கலாம், பிள்ளைகள் அதற்காகவே வந்தார்கள். அமெரிக்கக் கால்பந்து அணியான ஆயிலர்ஸின் நிர்வாகம் கூடுதல் இருக்கைகள் தராவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்று மிரட்டியதால், 1988-இல் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சுமார் 10,000 இருக்கைகளைச் சேர்த்தார்கள். 1996 பருவம் முடிந்ததும் அந்த அணி டென்னசிக்குப் போயேவிட்டது. இந்த அரங்கின் வரலாற்றில் மன்னிக்க முடியாத ஒரே முடிவு என்று நான் கருதுவது ஸ்கோர்போர்டைப் பெயர்த்ததைத்தான்.

ஆயினும் ஆயிலர்ஸுக்கும் ஒரு பொற்காலம் இருந்தது. 1978 நவம்பர் 20 இரவு மயாமிக்கு எதிராக எர்ல் கேம்ப்பெல் 199 கெஜம் ஓடி நான்கு டச்டவுன் எடுத்தபோது, இளநீலக் குஞ்சங்கள் அசைந்து அரங்கமே நிறம் மாறியதாம். அந்த அணியின் பயிற்சியாளர் பம் ஃபிலிப்ஸ் எங்கும் கவ்பாய்த் தொப்பியோடு காணப்படுபவர், ஆஸ்ட்ரோடோமுக்குள் மட்டும் அணியமாட்டார். கூரைக்குக் கீழே தொப்பி அணியக்கூடாது என்று அவருடைய தாயார் சொல்லி வளர்த்தாராம். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த மரியாதை எளிதில் புரியும்.

ஆண்டுதோறும் ரோடியோ எனும் மாட்டிடையர் விளையாட்டு விழாவுக்காக மைதானம் முழுவதும் மண் கொட்டப்படும். பகலில் கன்றுகளைக் கயிறு வீசிப் பிடித்த களத்தில் இரவில் பாட்டுக் கச்சேரி நடக்கும். 1995 பிப்ரவரி 26 அன்று இளம் பாடகி செலினா 61,000-க்கும் மேற்பட்டோர் முன் பாடிய மாலைக்கு என் மகளை அழைத்துச் சென்றேன். மார்ச் 31 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, வகுப்பில் பிள்ளைகள் எல்லாரும் அழுததாக அவள் வந்து சொன்னாள்.

ஆஸ்ட்ரோஸ் 1999-ஓடு வெளியேறியது, பக்கத்தில் 2002-இல் எழுந்த புதிய அரங்குக்கு ரோடியோ அடுத்த ஆண்டு மாறியது. 2005-இல் கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸை இழந்து வந்த ஆயிரக்கணக்கானோருக்கு இந்தப் பழைய கூரை ஒதுங்க இடம் கொடுத்தது. போர்வைகளை ஒப்படைக்கச் சென்றபோது, ஆடுகளத்தில் வரிசை வரிசையாகக் கட்டில்களும், காணாமற்போன உறவினரைத் தேடிக் கையால் எழுதி ஒட்டிய தாள்களும் இருந்தன. 2013-இல் புதுப்பிப்புக்கான 21.7 கோடி டாலர் கடன் பத்திரத்தை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். மறு ஆண்டே அது நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. 2015-இல் ஐம்பதாம் ஆண்டுக்காக ஒரு நாள் கதவைத் திறந்தபோது, உள்ளே ஓர் எட்டுப் பார்ப்பதற்காக நின்ற வரிசை வாகன நிறுத்துமிடத்தையே சுற்றி வளைத்திருந்தது. வேண்டாம் என்று வாக்களித்தவர்களும் அந்த வரிசையில் இருந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இடிப்பதா, வைப்பதா என்பதை வரி கட்டுவோர் முடிவு செய்துகொள்ளட்டும், நான் தங்களிடம் கேட்பது வேறொன்று. 1960களிலும் 1970களிலும் படிக்கவோ பணிபுரியவோ டெக்சஸுக்கு வந்து, கூடைப்பந்து ஆட்டத்தையோ கிங்கின் வெற்றியையோ நேரில் கண்ட தமிழர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது இருக்கும். தங்கள் ஞாயிறு இதழில் அவர்களுடைய நினைவுகளை வரவழைத்து வெளியிட்டால், என்னிடமுள்ள 1986-ஆம் ஆண்டு நுழைவுச்சீட்டின் படத்தையும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஹூஸ்டன், டெக்சஸ்