பெட்டியின் மேல் ஒரு வரி: மதர்போர்டு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினியின் பாகங்களையெல்லாம் தாங்கும் பலகையான மதர்போர்டைத் தயாரிக்கும் நிறுவனங்களின் இந்தியப் பிரிவுகளுக்கும், அவற்றை இறக்குமதி செய்து கடைகளுக்கு அனுப்பும் விநியோகஸ்தர்களுக்கும்,

வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு சேவை மையம் ஒன்றிலிருந்து ஒரு போர்டு திரும்பி வந்தது. உடன் இருந்த தாளில், "போர்டில் குறை இல்லை. பயாஸ் புதுப்பிக்கப்பட்டது" என்று எழுதி, அதற்கொரு கட்டணமும் போட்டிருந்தார்கள். பயாஸ் என்பது கணினியைத் தொடங்கிவைக்க போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். குறையே இல்லாத அந்தப் போர்டு ஏன் உயிர் பெறவில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த மடல் அதைப் பற்றியதுதான்.

போர்டு பி660 என்ற ரகம். பிராசசர், அதாவது கணினியின் மூளையான சிப், இன்டெல்லின் 14-ஆம் தலைமுறை. அது உட்காரும் சாக்கெட் இரண்டுக்கும் எல்ஜிஏ 1700. "சாக்கெட் ஒன்றுதான், உட்காரும்" என்றார் விற்றவர். உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு சரி. மின்விசிறி சுற்றியது, டிஸ்ப்ளே வரவில்லை. போர்டின் ஓரத்தில் பிராசசரைக் குறிக்கும் 'சிபியு' என்று எழுதிய சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. பி660 சந்தைக்கு வந்தது 2022 தொடக்கத்தில். 14-ஆம் தலைமுறை வந்தது 2023 அக்டோபரில். தனக்குப் பின்னால் பிறந்த பிராசசரைப் பழைய பயாஸ் அடையாளம் காணாது. புதிய பயாஸ் போட்டால் காணும். அதைப் போட வேண்டுமானால் போர்டு இயங்க வேண்டும். போர்டு இயங்க வேண்டுமானால் அதற்குத் தெரிந்த 12-ஆம் தலைமுறைப் பிராசசர் ஒன்று கையில் இருக்க வேண்டும். புதுக் கணினி வாங்குகிறவர் பழைய பிராசசர் ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டும் என்பது உங்கள் எதிர்பார்ப்பா?

அந்தப் போர்டை வாங்கியவர் எங்கள் ஊரில் ஸ்டுடியோ நடத்துகிறார். தை முகூர்த்தங்களுக்காகத்தான் என்னிடம் புது மெஷின் கேட்டார். பழையதை அதற்குள் விற்றும்விட்டார். கல்யாண ஆல்பங்களுக்குத் தேதி சொல்லி முன்பணம் வாங்கியிருந்த நேரம். சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுப் பிராசசர்தான் பழுது என்று அதைக் கடைக்கு அனுப்பினார். பிராசசர் நன்றாக இருக்கிறது என்று அங்கிருந்து திரும்பியது. யாரிடமாவது 12-ஆம் தலைமுறைப் பிராசசரை இரவல் வாங்கலாமே என்றால், ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் பிரித்துப் பிராசசரைக் கழற்றித் தர யார் சம்மதிப்பார்? தவிர, சாக்கெட்டின் ஊசிகள் இருப்பது போர்டில். மாற்றி மாற்றிப் பொருத்தும்போது ஒரு ஊசி வளைந்தாலும் வாரண்டி போயிற்று என்பீர்கள். ஆகவே கூரியரில் சேவை மையத்துக்கு அனுப்பினோம். நடுவில் பொங்கல். போர்டு திரும்பும் வரை அந்த மனிதர் தன் தொழில் போட்டியாளரின் ஸ்டுடியோவில், இரவில் அவர்கள் வேலை முடிந்த பிறகு, வாடகை கொடுத்து உட்கார்ந்து ஆல்பம் வடிவமைத்தார். அப்படியிருக்க, குறை இல்லை என்கிறது உங்கள் தாள்.

வாங்கும் முன் இணையதளத்தில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பார்த்தோம். பொருந்தும் பிராசசர்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில், எந்தப் பயாஸ் பதிப்பு முதல் என்பதும் இருக்கிறது. பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் கடையில் இருக்கும் பெட்டிக்குள் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டியைத் திறந்து போர்டைப் பார்க்க வேண்டும். திறந்த பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுப்பதில்லை.

ஆகவே கேட்பது இதுதான்: உள்ளே இருக்கும் பயாஸ் பதிப்பையும், அதில் நேரடியாக இயங்கும் கடைசித் தலைமுறைப் பிராசசரையும் பெட்டியின் வெளிப்பக்கத்தில் அச்சிடுங்கள். எம்ஆர்பி, இறக்குமதி செய்தவரின் முகவரி, மாதம், ஆண்டு எல்லாம் போட்டு ஒரு லேபிள் ஏற்கெனவே ஒட்டத்தானே செய்கிறீர்கள்? அதில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. விளக்கு எத்தனை கோடி நிறங்களில் ஒளிரும் என்று அச்சிட இடம் கிடைக்கும்போது, போர்டு எந்தப் பிராசசரில் இயங்கும் என்பதற்கும் கிடைக்கும்.

இது முடியாத காரியம் அல்ல. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் பிராசசர்களுக்கான பி450 போர்டுப் பெட்டிகளில் "ரைசன் டெஸ்க்டாப் 3000 ரெடி" என்று ஒட்டியவர்கள் நீங்கள்தான். 2018-இல் இதே சிக்கல் வந்தபோது, பயாஸ் மாற்றிக்கொள்வதற்கென்றே ஏஎம்டி ஒரு சிறு பிராசசரை வாடிக்கையாளர்களுக்கு இரவலாக அனுப்பிவைத்தது. நோய் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

சிப் நிறுவனங்களையும் சும்மா விடுவதற்கில்லை. 2017-இல் இன்டெல் 8-ஆம் தலைமுறையை அதே 1151 என்ற சாக்கெட் பெயரோடு விற்றது. அதே பெயர்ச் சாக்கெட் கொண்ட முந்தைய இசட்270 போர்டில் அது இயங்கவில்லை. 2021-இல் 11-ஆம் தலைமுறை வந்தபோது எச்470, இசட்490 போர்டுகள் அதை ஏற்றுக்கொண்டன. அதே 1200 சாக்கெட் கொண்ட எச்410, பி460 ஏற்றுக்கொள்ளவில்லை. விலை குறைந்த போர்டை வாங்கியவனுக்கு மட்டும் கதவு சாத்தப்பட்டது. ஏஎம்டி 2020 மே மாதத்தில், அடுத்து வரும் பிராசசர்கள் பி450, எக்ஸ்470 போர்டுகளில் இயங்கா என்றது. வாங்கியவர்கள் கொதித்ததும் அதே மாதத்தில் இயங்கும் என்றது. இன்று ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டிலும், தொடக்கத்தில் தயாரான 600 வரிசைப் போர்டில் ரைசன் 9000 வரிசைப் பிராசசரைப் போட்டால் பயாஸ் மாற்றாமல் நடக்காது. இத்தனையையும் மனப்பாடம் செய்த பிறகுதான் ஒருவர் கணினி வாங்க வேண்டும் என்றால், விற்பனைக்கு முன் ஒரு நுழைவுத் தேர்வு வைத்துவிடுங்கள். தேறியவர்களுக்குத் தள்ளுபடி தரலாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிராசசரே இல்லாமல், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் பென்டிரைவும் மட்டும் கொண்டு பயாஸ் மாற்றும் பொத்தானைப் பல போர்டுகளில் வைத்திருக்கிறீர்கள். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அது பெரும்பாலும் விலை கூடிய போர்டுகளில்தான் இருக்கிறது. அவற்றை வாங்குகிறவர்கள் வீட்டில் பழைய பிராசசர் ஒன்றாவது கிடக்கும். பழைய பிராசசரே இல்லாதவன் வாங்கும் மலிவான போர்டில் அந்தப் பொத்தான் இருப்பதில்லை. அங்கும் வையுங்கள். அதற்குச் செலவாகும் என்றால், லேபிளில் ஒரு வரி அச்சிடவாவது மனம் வையுங்கள். கிடங்கில் தேங்கியிருக்கும் பழைய சரக்கைக் கடைக்கு அனுப்பும் முன் பயாஸ் மாற்றி அனுப்புமாறு விநியோகஸ்தர்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஸ்டுடியோக்காரரிடம் வாங்கிய அந்தச் சேவைக் கட்டணத்தின் ரசீது நகலைச் சம்பந்தப்பட்ட விநியோகஸ்தருக்கு அனுப்பியிருக்கிறேன். குறை இல்லாத போர்டுக்கு வாங்கிய பணத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லில் கணினி அசெம்பிள் செய்து கொடுக்கும் ஒருவன்