அரிப்பு நின்றாலும் மருந்தை நிறுத்தாதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, நடுவில் மட்டும் தோல் தெளிந்திருக்கிறது. படர்தாமரை என்கிற பூஞ்சைத் தொற்று போலத்தான் தெரிகிறது. எதற்கும் தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடு.

டெர்பினஃபின் என்ற பூஞ்சை மருந்து க்ரீம் போட்டாய், அரிப்பு நின்றதும் விட்டுவிட்டாய், மறுபடி வந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பாக்டீரியாவின் செல் அமைப்பு நம்முடையதிலிருந்து ரொம்பவே வேறு. நம்மை விட்டுவிட்டு அதை மட்டும் தாக்கும் மருந்துகள் நிறைய உண்டு. பூஞ்சை அப்படியில்லை. அதன் செல்லிலும் நம்முடையதைப் போலவே உட்கரு உண்டு, உள்வேலைகளும் பெரும்பாலும் ஒன்றுதான். அதைக் கொல்லும் பொருள் பல நேரம் நம்மையும் விடாது. அதனால் பூஞ்சை மருந்து வகைகள் விரல்விட்டு எண்ணும் அளவே.

நல்லவேளையாக ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் செய்யும் வேலையைப் பூஞ்சையில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் செய்கிறது. பெரும்பாலான மருந்துகள் கைவைப்பது அங்கேதான். எர்கோஸ்டெரால் உருவாகும் வழியில் ஆரம்பத்திலேயே ஒரு நொதியை டெர்பினஃபின் முடக்குகிறது. அதற்கு மூலப்பொருளான ஸ்குவாலீன் மேற்கொண்டு மாற வழியின்றி உள்ளேயே குவிந்து, பூஞ்சைக்கு நஞ்சாகிறது. ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் எல்லாம் சில படிகள் தள்ளி வேறொரு நொதியை மறிக்கின்றன. அந்த நொதிக்கு நம் கல்லீரலிலும் உறவுக்காரர்கள் உண்டு; மற்ற மருந்துகளைச் சிதைப்பதில் அவற்றுக்குப் பங்குண்டு. ஆகவே மாத்திரை எழுதிக் கொடுத்தால், நீ சாப்பிடும் மற்ற மருந்துகளை ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் சொல். ஆம்போடெரிசின் பி சவ்விலுள்ள எர்கோஸ்டெராலையே பிடித்துக்கொள்ளும்; உயிர் காக்கும் மருந்து, ஆனால் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். காஸ்போஃபங்கின் பூஞ்சையின் செல் சுவரைக் கட்டவிடாது. நமக்குச் செல் சுவரே கிடையாதே, அதனால் தொந்தரவு குறைவு. ஆனால் ரத்தக்குழாய் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். இவை இரண்டும் உடலுக்குள் பரவும் கடுமையான தொற்றுகளுக்கு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேல் அடுக்கிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. அரிப்பும் சிவப்பும் நம் உடல் அதை எதிர்ப்பதால் வருபவை. பூஞ்சை குறைந்ததும் அரிப்பு அடங்கும், ஆனால் மிச்சம் உள்ள இழைகள் அங்கேயே இருக்கும். மருத்துவர் சொன்ன நாள்வரை, வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு சென்டிமீட்டர் சேர்த்துப் போட வேண்டும். டெர்பினஃபினுக்குக் கட்டுப்படாத பூஞ்சைகளும் இப்போது பரவுகின்றன. டெர்பினஃபின் முடக்கும் அந்த நொதி கொஞ்சம் உருமாறினாலே மருந்துக்குப் பிடி கிடைக்காது. முழுதாகப் போட்டும் குறையவில்லை என்றால் நீயாக இன்னொரு ட்யூப் வாங்காதே.

என் பெரிய பயமே ஸ்டீராய்டு கலந்த க்ரீம்தான். அது உடலின் எதிர்ப்பை அடக்கிவிடும். இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டதென்று சந்தோஷப்படுவோம், அடியில் பூஞ்சை தாராளமாகப் பரவும். வட்டமும் கலைந்துபோய் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம்.

உன் ட்யூபின் பின்பக்கத்தை இன்றே படம் எடுத்து அனுப்பு. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது ஸ்டீராய்டு பெயர் எழுதியிருந்தால் அதைக் கையோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டு.

அன்புடன்,
அம்மா