தட்டம்மை தானாக வந்து போகட்டும் என்று விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் ஒரு வாசகர், "தட்டம்மை ஒரு தடவை வந்து போனால் ஆயுசுக்கும் எதிர்ப்புச் சக்தி கிடைத்துவிடுமே, குழந்தைக்கு ஊசி எதற்கு?" என்று கேட்டிருந்தார். பதில் எழுதியவர் முதல் பாதியை ஆமாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மீதியைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

ஆயுசுக்கும் என்பது உண்மைதான். டென்மார்க் ஆட்சியில் இருந்த ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை பரவியது. அப்புறம் 65 வருடம் அந்தப் பக்கமே வரவில்லை. 1846-இல் திரும்பி வந்தபோது, ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் படுத்தார்கள். வீடு வீடாகப் போய் விசாரித்த பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர், 1781-இல் அம்மை கண்டிருந்த முதியவர்களில் ஒருவருக்கும் மறுபடி வரவில்லை என்று பதிவு செய்தார். உடம்பின் ஞாபகம் அவ்வளவு கெட்டி.

சரி, அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது? இந்த வைரஸ் நுரையீரலுக்குள் போனதும் முதலில் பிடிப்பதே வெள்ளணுக்களைத்தான். அவற்றில் ஏறிக்கொண்டு, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிறதே அந்த நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ப் பெருகுகிறது. முன்பு வந்த சளி, நிமோனியா, வயிற்றுப்போக்குக் கிருமிகளை அடையாளம் தெரிந்து வைத்திருக்கும் நினைவு அணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றையும் அழிக்கிறது. இரண்டு வாரத்தில் உடம்பெங்கும் மணல் வாரி இறைத்தாற்போல் சிவந்து வருகிறதே, அது டி அணுக்கள் என்ற நம் வெள்ளணுக்கள் தோலில் வைரஸ் புகுந்த இடங்களைத் தேடித் தாக்குவதால் வருவது. பெரும்பாலும் உடம்புதான் ஜெயிக்கிறது. ஆனால் நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை அம்மைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்களிடம் இருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. வீட்டிலுள்ள பத்திரங்களில் பலவற்றைக் கொளுத்திவிட்டு ஒரே ஒரு புதுப் பத்திரத்தைக் கையில் கொடுப்பது போலத்தான் இது. தடுப்பூசி போட்ட குழந்தைகளிடம் இந்த இழப்பு இல்லை.

"அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு, நல்லாத்தான் இருந்தான் சிஸ்டர். இப்ப சளி நெஞ்சுல கட்டிக்கிச்சு" என்று தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். போன மாத அம்மைக்கும் இந்த மாத மூச்சிரைப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. வேப்பிலை கட்டுவதற்கு நான் எதிரி இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வராமல் இருப்பது நல்லதுதான், காற்றில் பரவும் நோய் இது. ஆனால் அதோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்டி, வைட்டமின் ஏ மருந்தையும் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

முதல் ஊசிக்கு ஒன்பது மாதம் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும்வரை, தடுப்பூசியில் உள்ள பலவீனமான வைரஸை அவையே அடக்கிவிடும், உடம்பு எதையும் கற்றுக்கொள்ளாது. ஒன்பது மாதத்தில் போட்டாலும் நூற்றுக்குச் சுமார் 85 பேருக்குத்தான் பாதுகாப்பு பிடிக்கிறது. அப்படிப் பிடிக்காமல் போன மீதிப் பேருக்காகத்தான் இரண்டாவது ஊசி. அதைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா (ஜெர்மன் அம்மை) தடுப்பூசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஊசியே வேண்டாம் என்றவர்களும் உண்டு.

அந்த வாசகரின் கேள்வி வந்த அதே பக்கத்தில், அடுத்த இதழில் இதைப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்: முதல் ஊசி 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். தவறவிட்டவர்கள் ஐந்து வயது வரை போட்டுக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்