பாப்பாவுக்கு, மெடிக்கல் கடையிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சம்பா நடவு முடிகிற நேரம், வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. போன் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள், அதனால்தான் கடிதம்.

அந்தப் பையனைப் பற்றி நீ சொன்ன அன்றே, கல்யாணம் வரைக்கும் தப்பாக நடக்க மாட்டேன் என்று அம்மா உன்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். அதிலிருந்து உன் பேச்சு "ம்", "சரிம்மா" என்று சுருங்கிப்போனது. உனக்கும் அவனுக்கும் நடுவில் என்ன என்று நான் கேட்கப்போவதில்லை. 24 வயதுப் பெண்ணிடம் அதைக் கேட்பது அழகில்லை. எனக்குக் கவலை அந்தச் சத்தியத்தைப் பற்றித்தான்.

மன்னார்குடியில் மெடிக்கல் வைத்திருப்பவனுக்கு ஊர் ரகசியம் பாதி தெரியும். ஆணுறை வாங்க வருகிற பையன் கூட்டம் கலையும்வரை நிற்பான். தெரிந்த முகம் யாராவது வந்துவிட்டால் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு நழுவிவிடுவான். திருத்துறைப்பூண்டிப் பிள்ளைகள் இங்கே வருவார்கள், நம்மூர்ப் பிள்ளைகள் தஞ்சாவூருக்கு பஸ் ஏறுவார்கள். மிட்டாயோடு போனவன் அன்றைக்கு விரதம் இருந்தான் என்றா நினைக்கிறாய்? இரண்டு நாள் கழித்து முகம் வெளுத்துப்போய் மாத்திரை கேட்டு வருவான்.

குற்ற உணர்ச்சி ஆசையைக் கொஞ்சம்தான் தடுக்கிறது, முன்னேற்பாட்டை முழுசாகத் தடுத்துவிடுகிறது. உறை வாங்கி வைத்தால் தெரிந்தே செய்ததாக ஆகிவிடும். ஏதோ நடந்துபோச்சு என்றால் மனசுக்கு ஒரு சாக்கு. அமெரிக்காவில் டொனால்ட் மோஷர் என்ற உளவியலாளர் 1960களிலேயே இந்த உணர்ச்சியை அளக்கக் கேள்வித்தாள் தயாரித்தார். பின்னால் மெக் ஜெரார்ட் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவிகளிடம் ஆராய்ந்தபோது, குற்ற உணர்ச்சி மிகுந்தவர்களில் விலகி இருந்தவர்களும் உண்டு. ஆனால் உறவில் இருந்தவர்கள் கருத்தடையைச் சரியாகக் கையாளவில்லை. என் கல்லாவிலிருந்து பார்த்தாலும் அதுதான் தெரிகிறது.

அந்த அவசரக் கருத்தடை மாத்திரையை உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டாக்டர் சீட்டு தேவையில்லை. ஆனாலும் நம் பக்கத்தில் பல கடைகளில் இல்லை என்றுதான் சொல்வார்கள். அது ஏற்கெனவே தங்கிய கருவைக் கலைக்காது, பாவம் என்று பயப்பட அதில் ஒன்றுமில்லை. அழுது, தோழியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று மருகி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. அதையும் தாண்டிப்போனால், கருக்கலைப்பில் மணமான பெண்ணுக்கு உள்ள உரிமை மணமாகாதவளுக்கும் உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெரிந்து வைத்துக்கொள்.

பையன்களுக்கு வேறு பயம். கைப்பழக்கத்தால் நரம்பு போச்சு என்று, லாட்ஜில் வந்து உட்காருகிற ஆளிடம் லேகியத்துக்குக் காசைக் கொட்டுகிறார்கள். விந்து போனால் உடம்பு போச்சு என்கிற இந்த பயத்துக்கு 1960இலேயே மனநல டாக்டர் என்.என். விக் 'தாத் நோய்க்குறி' என்று பெயர் வைத்துவிட்டார். லேகியம் மட்டும் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது. தாலி கட்டிவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. அசிங்கம் என்று சொல்லியே வளர்த்த பெண்ணுக்கு ஒரே ராத்திரியில் அது எப்படிச் சுபமாகும்?

வேண்டாம் என்று உனக்கே தோன்றினால் நல்லது, அவனிடம் நேராகச் சொல். கூச்சத்தில் நெளிகிறவளுக்கு வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது, அந்தப் பேச்சை எடுத்தால்தானே சொல்வதற்கு. வேண்டும் என்றால் ஆணுறை உன் கைப்பையிலும் இருக்கட்டும், அவன் கொண்டுவருவான் என்று விடாதே. மாத்திரை எதுவானாலும் அங்கே ஒரு மகப்பேறு டாக்டரைப் பார்த்துக் கேட்டுக்கொள். என்னிடம் கேட்பதானால் வாட்ஸ்அப்பில் எழுது, ராத்திரி கடை சாத்தியதும் பார்ப்பேன்.

சத்தியம் வாங்கியதிலிருந்து அம்மாவுக்கு நல்ல தூக்கம் வருகிறது. வரட்டும், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸில் இடம் போட வேண்டுமானால் இப்போதே தேதி சொல்.

அப்பா