வாசகசாலைத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குச் செயற்குழு வைக்கும் கணக்கு

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் ஊர் வாசகசாலைத் திருப்பணி முடிந்து, தை மாதம் பால் காய்ச்சி விளக்கேற்றித் திறந்துவிட்டோம். அன்று வந்தவர்களில் பாதிப் பேர் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். மீதிப் பேர், “போட்ட மதிப்பீடு 14 லட்சம், ஆன செலவு 17,80,000. நடுவில் என்ன நடந்தது?” என்று கேட்டார்கள். பணம் கொடுத்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அதற்குத்தான் முதலில் பதில்.

கூடுதலான 3,80,000 ரூபாயில் 1,20,000 கூரைக்குப் போனது. ஓட்டைப் பிரித்த பிறகுதான் ஓட்டைத் தாங்கும் கைமரங்கள் உளுத்திருப்பது தெரிந்தது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மீதி 2,60,000 ரூபாய், கூடத்தின் மேற்குச் சுவருக்கும் தெற்குச் சுவருக்கும் ஆனது. ஊரில் பேச்செல்லாம் இதைப் பற்றித்தான்: “பூசிய சுவரைக் கொத்தி எறிந்துவிட்டு மறுபடி பூசினார்கள்” என்று. ஆமாம், கொத்தி எறிந்தோம். ஏன் என்று சொல்கிறோம்.

அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, கடைசியில் பூச்சோடு செங்கல்லின் முகத்தையும் உரித்துக்கொண்டு விழும். நம் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் எத்தனையோ வீடுகளில் இதைப் பார்க்கிறோம். அதனால்தான் சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்து, பழைய முறையிலேயே பூச வேண்டும் என்று பொதுக்குழுவில் பேசி முடிவெடுத்தோம்.

வேலை எடுத்த கான்ட்ராக்டர் அப்படிச் செய்யவில்லை. உள்ளே சிமெண்டைப் பூசி, மேலே மெல்லிசாக ஒரு கோட்டிங் சுண்ணாம்பு இழுத்துவிட்டார். பார்க்க வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. நாங்களும் நம்பி மூன்றாவது தவணையைக் கொடுத்துவிட்டோம். ஐப்பசி மழை பெய்த பத்து நாளில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்தது. கீழவீதியில் இருக்கும் பழைய கொத்தனார் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துச் சுவரில் தெளித்தார். பழைய வடக்குச் சுவர் தண்ணீரைக் குடித்தது. மேற்குச் சுவரில் அது வழிந்து ஓடியது. அப்புறம் கத்தியால் சுரண்டினோம், உள்ளே சாம்பல் நிறம்.

இதில் எங்கள் தவறு இரண்டு. ஒப்பந்தத்தில் “பூச்சு வேலை” என்று மட்டும் எழுதியிருந்தோம், “சுண்ணாம்பு” என்ற சொல் இல்லை. சுவரைச் சோதிக்காமல் பணம் கொடுத்தோம். அந்த ஒரு சொல் இல்லாததைத்தான் கான்ட்ராக்டர் பிடித்துக்கொண்டார். ஆனால் பில்லில் அவர் போட்டிருந்தது சுண்ணாம்பு வேலைக்கான கூலி. அதைக் காட்டித்தான் கடைசித் தவணை 90,000 ரூபாயை நிறுத்தினோம். மேலே சொன்ன செலவு இந்தப் பிடித்தம் போகத்தான். நான்கு முறை பேசிப் பார்த்தும் அவர் திரும்பச் செய்ய ஒத்துக்கொள்ளவில்லை. கோர்ட்டுக்குப் போகலாமே என்று சிலர் சொன்னார்கள். வழக்கு முடிகிற வரை மழை காத்திருக்காது. உள்ளூர்க்காரருக்கு வேலையைக் கொடுக்கவில்லை என்றும் குறை சொன்னார்கள். இரண்டாம் முறை பூசியது உள்ளூர்க் கொத்தனார்கள்தான், அந்தப் பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். இப்போது போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கிறது.

கூரையில் நாட்டு ஓடு மாற்றியது, திண்ணை, மழைநீர் ஊரணிக்குப் போகும் கால்வாய், பெயர்ந்த இடங்களில் ஆத்தங்குடித் தரைக்கல் பதித்தது எல்லாம் குறித்த செலவில் முடிந்தன.

கொடுத்தவர்கள் பெயரைப் போட வேண்டாம், வீட்டைச் சொன்னால் போதும் என்றார்கள். மேலவீதி மூன்று கட்டு வீட்டார், வடக்கு வளவுப் பங்காளிகள் ஐந்து வீட்டார், சிவன் கோவில் வீதி மாடி வீட்டார், பினாங்கில் இருக்கும் அண்ணன் தம்பி இருவர், சென்னையில் இருக்கும் நம் ஊர் மருமக்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், சந்தைப்பேட்டைக் கடைக்காரர்கள், ஊரணிக்கரைத் தெருவார், தேநீர்க்கடை அண்ணன். தெற்குத் தெரு ஆச்சி, தன் வீட்டில் பிரித்து வைத்திருந்த பர்மாத் தேக்கு வாசல் நிலையை, பழைய பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு விற்க அனுப்பாமல் நமக்குக் கொடுத்தார். இன்றைய வாசல் அதுதான். நகரத்தார் புள்ளிக்கு (கல்யாணமான தம்பதிக்கு) இவ்வளவு என்று போடும் புள்ளிவரி போட்டு வசூலிக்கவில்லை, வாசகசாலை எல்லாச் சமூகத்தாருக்கும் உரியது என்பதால்.

திறப்புக்குப் பிறகு இரண்டு நிகழ்ச்சிகள் நடத்தினோம். பனை ஓலைக் கொட்டான் (கூடை) முடையும் வகுப்புக்கு இடம் போதவில்லை, அடுத்ததை முற்றத்தில் வைக்கிறோம். வீட்டில் இருக்கும் பழைய ஏடுகளைக் கொண்டுவரச் சொன்ன ‘பழைய ஏடுகள் நாளு’க்கு ரங்கூன் கடிதங்கள், இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாண ஒப்பந்த ஏடு), மொய்ப்பண ஏடு, ஐந்தொகை என்னும் கணக்குப் பேரேடுகள் வந்தன. ஒரு வீட்டில் இவற்றை எடைக்குப் போட மூட்டை கட்டியிருந்தார்கள், முந்தின நாள் போய்க் கேட்டு வாங்கினோம். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒருவர் சேர்த்து வைத்த நூல்களும் தாள்களும்தான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆயின. நம் ஊர்ப் பரணில் இருப்பதும் அந்த மாதிரிக் காகிதம்தான். தயவுசெய்து எங்களிடம் சொல்லாமல் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியதே, அதிலிருந்து பணம் வராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பட்டியலில் இருப்பதால் மட்டும் பணம் வராது. நம் வசூல் 18,05,000 ரூபாய். கையிருப்பு 25,000. அதை அடுத்த மழைக்கு முன் ஓடு சரிபார்க்க ஒதுக்கியிருக்கிறோம்.

எல்லாப் பில்லும், கான்ட்ராக்டருக்கு எழுதிய கடிதங்களும், சுரண்டிய சுவரின் படங்களும் வாசகசாலை மேசையில் கோப்பாக இருக்கின்றன. ஞாயிறு காலை 10 மணி முதல் நான் அங்கேதான் இருப்பேன். வந்து பாருங்கள்.

செயலாளர், செயற்குழுவுக்காக