பாடசாலைக்குக் கமரா கொடுக்க நினைப்போருக்கு

ஆசிரியர் அவர்கட்கு,

கோடை விடுமுறைக்கு வன்னிக்கு வரும் புலம்பெயர் உறவுகள் சிலர், தாம் படித்த பாடசாலைக்குக் கமரா ஒன்று வாங்கிக் கொடுக்க விரும்புகிறார்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான், மாந்தை கிழக்குப் பக்கங்களில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பேருதவி. அவர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றுதான்: விலைகூடிய புதுக் கமரா ஒன்றை வாங்காதீர்கள். அதே காசுக்கு ஒரே வகையான ஐந்து பழைய கமராக்களை வாங்குங்கள்.

விலைகூடிய கமரா பொருட்பதிவேட்டில் ஏறிய அன்றே அலுமாரிக்குள் போய்விடும். அதிபரைக் குறைசொல்ல முடியாது. அது உடைந்தாலோ தொலைந்தாலோ கணக்கெடுப்பில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பரிசளிப்பு விழாவுக்கு அது வெளியே வரும், அன்றும் ஆசிரியர் ஒருவரே படம் பிடிப்பார். முப்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் ஐந்து கமரா இருந்தால் ஆறு பேருக்கு ஒன்று. நாற்பது நிமிடப் பாடத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஆறு நிமிடமாவது இருக்கும்.

கைத்தொலைபேசி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. சட்டகம் அமைக்கப் பழக அது போதும். ஆனால் வெள்ளைச் சீருடையில் முப்பது பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்துப் பாருங்கள். வெள்ளை நிறைந்த காட்சியைக் கமரா தானாகக் கணித்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகங்கள் கறுத்துப் போகும். ஒளியளவை ஒரு படி கூட்டினால் முகங்கள் தெளியும். ஒளி புகும் துளை, அது திறந்து மூடும் வேகம், ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. மூன்றையும் கையால் திருகிப் பார்த்த பிள்ளைக்குத்தான் இது ஏனென்று விளங்கும்.

எதை வாங்குவது? கெனன் 1100டி, 1200டி, 1300டி மூன்றுக்கும் எல்.பி.-இ10 என்ற ஒரே பற்றரிதான். நிக்கோன் டி3100, டி3200, டி3300 மூன்றுக்கும் இ.என்.-இ.எல்.14ஏ. இரண்டில் ஒரு பக்கத்தைத் தெரிந்து அதிலேயே நில்லுங்கள். ஒன்றின் சாஜர் தொலைந்தால் மற்றதின் சாஜர் உதவும். கெனன் 2000டி, 4000டி வேண்டாம். மேலே பிளாஷ் பூட்டும் இடத்தில் நடு ஊசி இல்லாததால் மற்ற நிறுவனங்களின் மலிவு பிளாஷ்கள் அவற்றில் வேலை செய்யமாட்டா. ஐந்து கமராவுக்கு 18-55 மி.மீ. லென்ஸ் ஐந்து, பற்றரி பத்து, சாஜர் மூன்று, 16 ஜி.பி. மெமறி காட் ஏழு, காட் வாசிப்பான் இரண்டு, முக்காலி ஒன்று. இவ்வளவும் போதும். பெரிய சூம் லென்ஸ் தேவையில்லை.

பழையதை வாங்குமுன் லென்சைக் கழற்றி, ஒரு பக்கத்தில் ரோர்ச்சை அடித்து மறுபக்கத்தால் சரித்துப் பாருங்கள். நிக்கோன் லென்ஸ் என்றால் பின்னாலுள்ள சிறு நெம்பைத் தள்ளினால்தான் உள்ளே முழுதாகத் தெரியும். சிலந்தி நூல்போலக் கண்டால் அது பூஞ்சணம், எவ்வளவு மலிவென்றாலும் விடுங்கள். பற்றரி மூடியைத் திறந்து பற்றரி தடையில்லாமல் வெளியே வருகிறதா என்று பாருங்கள். இறுகினால் அது வீங்கியிருக்கிறது. நிக்கோன் என்றால், கடைசியாக எடுத்த படமொன்றைத் திருத்தாமல் அனுப்பச் சொல்லுங்கள். அதுவரை எத்தனை படம் எடுக்கப்பட்டது என்பது அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

விமானத்தில் வரும்போது உதிரிப் பற்றரிகளைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். பெரிய பெட்டிக்குள் போட அனுமதியில்லை. ஒவ்வொன்றின் முனைகளையும் ரேப்பால் ஒட்டிவிடுங்கள். சாஜரில் 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் இங்கே பயமில்லை. ஆனால் பிரான்ஸ், ஜேர்மனி, கனடா பிளக்குகளுக்கு அடப்ரரும் சேர்த்துத் தாருங்கள். அது இல்லாமல் சாஜர் மேசை லாச்சியில் கிடக்கும்.

இனி வைக்கும் முறை. கமராவைக் கெடுப்பது பிள்ளைகளைவிட மாரிகாலம்தான். ஐப்பசி மழை தொடங்கியதும் கமராப் பைக்குள் ஈரம் ஏறும். அந்தப் பையோடு அலுமாரியில் பூட்டி, மார்கழி விடுமுறை முடிந்து திறந்தால் லென்சில் பூஞ்சணம் பிடித்திருக்கும். பையில் வைக்கவே வேண்டாம். மூடியில் றப்பர் வளையமுள்ள 20 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டி, ஈரத்தை உறிஞ்சும் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல் மணிகள் கால் கிலோ, உள்ளே சிறிய ஈரமானி. ஈரம் 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். ஜெல் பச்சையானால் சமையலுக்குப் பாவிக்காத தாச்சியில் மெல்லிய சூட்டில் கிளறுங்கள். நிறம் திரும்பியதும் மூடிய பேணிக்குள் ஆறவிட வேண்டும், வெளியில் ஆறவிட்டால் ஈரத்தை மறுபடி குடித்துவிடும். அரிசி போட வேண்டாம். அதன் மா கமராவுக்குள் போகும்.

கோடையில் புழுதி. ஆகவே பிள்ளைகள் லென்சைக் கழற்றக் கூடாது. தூசியை வாயால் ஊதவும் கூடாது, எச்சில் படியும், அதைத் துடைக்கத் துடைக்கத் தூசி கண்ணாடியில் கீறும். றப்பர் ஊதுகுழல் ஒன்று போதும். விடுமுறைக்கு முன் பற்றரியைக் கழற்றிப் பாதிச் சாஜில் வைக்க வேண்டும். முற்றாக வடிந்த பற்றரி மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு சாஜ் ஏறாமல் போகலாம்.

கடைசியாக ஒரு கடிதம். அன்பளிப்போடு, இவை பாவித்த கமராக்கள், மாணவர் பயிற்சிக்கானவை, பயிற்சியில் பழுதாவது எதிர்பார்க்கக்கூடியதே என்று எழுதிக் கையொப்பமிட்டு, ஒவ்வொன்றின் தொடரிலக்கத்தையும் இன்றைய பெறுமதியையும் குறித்து அதிபரிடம் கொடுங்கள். புதிதின் விலையைக் குறிக்க வேண்டாம். அந்தத் தாள் பதிவேட்டோடு இருந்தால் கமராவை வகுப்புக்குக் கொடுக்க ஆசிரியர் தயங்கமாட்டார். பழைய மாணவர் சங்கங்கள் இந்தக் கடிதத்துக்கு ஒரு மாதிரியை இப்போதே தயாரித்து, கமரா தர விரும்புவோருக்கு அனுப்பி வைக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஊடகக் கல்வி ஆசிரியர்கள் சிலர்,
முல்லைத்தீவு மாவட்டம்.