கொல்லங்குடி கருப்பாயி அம்மாள் ஆவணப்படம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடியின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துத் தமிழ்நாடெங்கும் ஒலிக்கச் செய்த நாட்டுப்புறப் பாடகி கருப்பாயி அம்மாள், 2025 ஜூன் மாதம் தமது 99ஆம் வயதில் காலமானார். அவரைப் பற்றி 25 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுக்க முனைந்துள்ள எங்கள் குழு, அதற்குத் தங்கள் பொருளுதவியை வேண்டுகிறது.

1985இல் வெளிவந்த ‘ஆண்பாவம்’ படத்தின் பாட்டியாகவே பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். இயக்குநர் பாண்டியராஜன் அவரைத் திரைக்கு அழைத்து வருவதற்கு முன்பே, அவர் வானொலியில் பாடிப் பெயர் பெற்றிருந்தார். பின்னாளில் கலைமாமணி விருதும் அவருக்குக் கிடைத்தது. திரையில் வந்தது அந்தப் பாட்டு மரபில் ஒரு கையளவுதான் என்பது எங்கள் கருத்து. ஆகவே, பெருந்தொகை கொடுத்துத் திரைப்படக் காட்சிகளை வாங்கிச் சேர்ப்பதில்லை என்றும், அந்தப் பணத்தை, அம்மரபைச் சேர்ந்த நடவுப் பாட்டுகளைப் பாடும் பெண்களைக் களத்திலேயே பதிவு செய்யச் செலவிடுவது என்றும் முடிவு செய்துள்ளோம்.

நடவு வரிசையில் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் குனிந்தபடியே அதை வாங்கிப் பாடுவார்கள். இடையிடையே குலவை எழும். முன்னோட்டமாக ஓர் அறையில் ஒலிப்பதிவு செய்தபோது, எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி இரண்டாம் அடியிலேயே தடுமாறி நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி நாற்றுமுடிபோல இடக்கையில் பிடித்துக்கொண்ட பிறகுதான் அடுத்த அடி அவருக்கு வந்தது. அன்றே, படப்பிடிப்பை வயலில்தான் நடத்த வேண்டும் என்று உறுதி செய்துகொண்டோம். நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் பெருகிவிட்ட இக்காலத்தில், இந்தப் பாட்டுகளைக் கை வேலையோடு சேர்த்துப் பாடத் தெரிந்தவர்கள் அருகி வருகிறார்கள்.

மொத்தச் செலவு 4,00,000 ரூபாய் என மதிப்பிட்டுள்ளோம். குழுவினர் தம்முள் 1,10,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். எஞ்சிய 2,90,000 ரூபாய்க்கே தங்களை நாடுகிறோம். பாட வரும் பெண்களுக்கு அன்றைய கூலி இழப்பை ஈடுசெய்வதோடு தனியாகச் சன்மானமும் வழங்குவோம். இதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டோம். அடுத்த பெருஞ்செலவு திறந்தவெளி ஒலிப்பதிவுக்கானது. பூஞ்சை படிந்த பழைய ஒலிநாடாக்களைத் துப்புரவாக்கி எண்மமாக மாற்றுவதற்கும் ஒரு பகுதி செலவாகும். குழுவினர் எவரும் ஊதியம் பெறுவதில்லை.

சிறு தொகையாயினும் மகிழ்வுடன் ஏற்று, உரிய ரசீது தருவோம். பணி முடிந்ததும் வரவு செலவுக் கணக்கு நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். கண்மாய் பெருகி ஐப்பசியில் நடவு தொடங்கியதும் படப்பிடிப்புக்குச் செல்ல வேண்டியிருப்பதால், புரட்டாசி முடிவதற்குள் தங்கள் நன்கொடையைக் குழுவின் பொருளாளரிடம் சேர்ப்பிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆவணப்படக் குழுவினர்